நூற்று முப்பத்தேழரை மீட்டர் தள்ளி ஓர் ஆணி

தொட்டிக்காட்டுப்புதூரில் இரண்டு வீதிகள் இருந்தன, இரண்டும் டிசைன் கல்லூரியின் வேலியில் தொடங்கின, இரண்டும் ஊர்க்கோடிச் சோளக்காட்டில் முடிந்தன, இரண்டும் ஒன்றையொன்று திரும்பிப் பாராமல் ஒரே நேராக ஓடின, நடுவில் எட்டடி மதில் ஒன்றும் கூடவே ஓடியது. மதிலுக்கு இந்தப் பக்கம் மேல வீதி, அந்தப் பக்கம் காலனி வீதி. இந்தப் பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை அந்தப் பக்கம் போனதில்லை, அந்தப் பக்கத்துப் பந்து இந்தப் பக்கம் விழுந்தால் திரும்பிப் போனதில்லை. நான் மேல வீதிக்காரன், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன், மதில் கட்டிய வருஷம் என் அப்பா ஆறு மூட்டை சிமெண்ட் கொடுத்தார், இதை நானே முதலில் சொல்லிவிடுகிறேன். கோடியில் மேட்டின் மேல் கிட்டுச்சாமியின் மாவு மில் இருக்கிறது. மில்லுக்குள் போக எங்களுக்கு வாசல் இருந்தது, காலனிக்காரர்கள் பின்பக்கம் போய் ஜன்னலில் தூக்குச்சட்டியை நீட்டுவார்கள், இது எத்தனை வருஷத்து வழக்கம் என்று யாரும் எண்ணிப் பார்த்ததில்லை.

காலனி வீதியில் ஏழாவது வீட்டுப் பெண் மோகனப்பிரியா. அம்மா ருக்குமணி கட்டட வேலைக்குப் போகும் சித்தாள். மகள் கட்டடம் வரையப் படிக்கிறாள், இன்டீரியர் டிசைன் முதல் வருஷம், கோடு இழுக்கும் டி-ஸ்கொயர் கட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் நடந்து போனால் துப்பாக்கியோடு பரேடுக்குப் போகிறவள் மாதிரி இருக்கும். பென்சிலைச் சீவுவதில் ஆசை, தாளின் நாலு மூலைக்கும் டேப் ஒட்டித் தடவி விடுவதில் ஆசை, ஒரு கோட்டை இங்கிருந்து அங்கு வரை மூச்சு விடாமல் இழுப்பதில் அப்படியோர் ஆசை, ஆனால் ஆசைக்கு யார் மார்க் போடுகிறார்கள்? முதல் ஜூரியில், அதாவது ஷீட்டைச் சுவரில் ஒட்டித் தேர்வாளர் பார்க்கும் பரீட்சையில், கை பட்டு ஷீட் முழுக்கக் கரி, ஃபெயில். இரண்டாவது ஜூரியில் அவள் வரைந்த கட்டடம் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறவர் மேல் பாய வந்தது, அதுவும் ஃபெயில். மூன்றாவதும் போனால் பெயரை அடித்து வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், அது கல்லூரியின் சட்டம், ஜூரி தீபாவளிக்கு முந்தின வெள்ளிக்கிழமை.

கட்டடம் ஏன் வாயைப் பிளந்தது என்றால், தூரத்துக்குப் போகும் கோடுகள் எல்லாம் கடைசியில் போய்ச் சேரும் புள்ளி என்று ஒன்று உண்டு, அதை மறைபுள்ளி என்பார்கள், அவள் அதை மிகக் கிட்டே வைத்துவிட்டாள். ஒரு தடவை சுட்டுக்கொண்டவள் இல்லையா, இந்த முறை ஒரேயடியாக எட்டத் தள்ளிவிட்டாள். கொடுத்த பாடம் இரண்டு வீதியும் நடு மதிலும். முப்பது டிகிரி திருப்ப வேண்டிய தாளைக் கால் டிகிரி மட்டும் திருப்பிக் கணக்குப் போட்டதில், புள்ளி தாளிலும் விழவில்லை, மேஜையிலும் விழவில்லை, அறையிலும் விழவில்லை. வகுப்பே எட்டிப் பார்த்துச் சிரித்தது.

"எங்கம்மா விழுது உன் புள்ளி?" என்றார் டிராயிங் எடுக்கும் ஹெப்சிபா மேடம்.

"நூத்தி முப்பத்தேழு மீட்டர் அம்பது சென்டிங் மேம்."

"வேற கோணம் எடு."

"நாலே நாளுதானுங் இருக்குது. மறுக்கா மொதல்லருந்து போட்டா முடியாதுங்."

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புள்ளி வெளியே விழுந்தால் அங்கேயே ஆணி அடித்து நூல் கட்டி இழுத்து வரைவதுதான் முறை, மேஜைக் காலில் அடித்த பிள்ளைகள் உண்டு, பக்கத்துச் சுவரில் அடித்தவர்கள் உண்டு. "அப்ப போய் அங்க அடி," என்றார். "வெள்ளிக்கிழமை வந்து கோடு கோடா ஸ்கேல் வச்சுப் பாப்பேன். ஒண்ணு விலகினாலும் விடமாட்டேன்."

அன்றைக்கே என் கடையில் கொத்தனார் நூல் மூன்று உருண்டை வாங்கிப் போனாள், ஆரஞ்சு நிற நைலான். அம்மாவும் மகளும் கல்லூரி ஜன்னலில் தொடங்கி டேப்பை மாற்றி மாற்றி வைத்து அளந்துகொண்டே போனார்கள், ஜன்னலடியில் தொடங்கும் மதிலின் தலைக்கு மேலாகவே, சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டி, கொய்யா மரத்தைத் தாண்டி, நூல் தொங்காமல் இருக்க இருபதடிக்கு ஒரு கவைக்குச்சி நட்டுக்கொண்டு. கடைசி ஐம்பது சென்டி போய் நின்ற இடம் கிட்டுச்சாமியின் மில் வாசற்படி. மில் மேட்டில் இருப்பதால் அந்தப் படி, மறைபுள்ளி இருக்க வேண்டிய அவள் கண்மட்டத்துக்குச் சரியாக இருந்தது.

"ஒரு ஆணி அடிச்சுக்கட்டுங்களாண்ணா? வெள்ளிக்கிழம புடுங்கீருவேன்."

கிட்டுச்சாமி கண் இமையெல்லாம் மாவாக வெளியே வந்து பார்த்தார். "அடிச்சுக்கோ அம்மணி. நூல் மேல மாவு படிஞ்சா என்னையக் கேக்கப்படாது."

மூன்றங்குல ஆணி, நாலே அடி.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு மோகனா நூலை இழுத்துப் பிடித்து மேல வீதியின் ஓரக்கோட்டைத் தாளில் போட்டாள், மேல வீதி மில்லை நோக்கி ஒருக்களித்தது. பதினொன்றுக்குக் காலனி வீதியின் ஓரத்தைப் போட்டாள், அதுவும் திரும்பியது. சாக்கடையைப் போட்டாள், சாக்கடை வந்தது. மின்கம்பியைப் போட்டாள், கம்பிகள் எல்லாம் மில் வாசலுக்கு மேலே ஒரு பிடியாகக் கூடின, ஊர்க் காக்கைகள் மொத்தமும் அங்கே போய் உட்கார்ந்து இடம் போதாமல் சண்டை போட்டன. வீடுகளையும் மனிதர்களையும் பாடத்தில் வரையச் சொல்லவில்லை, அதனால் எந்த வீடும் குறுகவில்லை, யாரும் சிறுக்கவில்லை. மேல வீதியின் பெரிய வீட்டுக்காரர் அர்த்தனாரி, கல்லூரிக் கமிட்டியில் மெம்பர், எனக்குத் தாய்மாமன், பூத்தட்டோடு வீதிக் கோடிப் பிள்ளையாரைப் பார்க்கக் கிளம்பியவர் நேராக நடந்து மில் வாசலில் போய் நின்றார்.

"பிள்ளையாரு எங்கடா?"

"பிள்ளையாரு அங்கயேதானுங் இருக்காரு," என்றார் கிட்டுச்சாமி. "வீதிதானுங் இங்க வந்துருச்சு."

ஊர் பழக அரை நாள் ஆனது. பஞ்சாயத்து கிளார்க் வந்து அளந்து பார்த்து, நீளம் சரியாக இருக்கிறது, அகலம்தான் போகப் போகக் குறைகிறது என்று எழுதிக்கொண்டு போனார். பால்காரர் இரண்டு வீதிக்கும் தனித்தனியாகச் சுற்ற வேண்டாம் என்று சந்தோஷப்பட்டார். கடைசி நூறடியில் இரண்டு ஸ்கூட்டர் ஒதுங்க முடியாததால் எல்லாரும் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார்கள், தள்ளிக்கொண்டு போகிறவர்கள் பேசாமல் போக முடியாததால் பேசினார்கள், கோலம் போடுகிற பெண்கள் மில்லுக்குக் கிட்டத்து வாசல்களில் புள்ளியை நெருக்கி வைக்கப் பழகிக்கொண்டார்கள். பிள்ளையாருக்கு வரப்பில் ஒரு பாதை விழுந்தது. புதன்கிழமை காலையில் வீதி எப்போதும் இப்படித்தானே இருந்தது என்று ஒருவர் என் கடையில் நின்று சொன்னார், நானும் ஆமாம் என்றேன்.

மதில்தான் தொல்லையாகப் போனது. அதன் அடி வீதிகளோடு சேர்ந்து வந்துவிட்டது, மேல்கோட்டை மோகனா இன்னும் போடாததால் தலை மட்டும் எட்டடியிலேயே நின்றது, நின்றபடியே போய் மில் வாசலின் நட்டநடுவில் முட்டியது. வாசலில் பாதி எங்களுக்கு, பாதி அவர்களுக்கு. பின் ஜன்னலுக்குப் போக வீதியே இல்லை, எல்லாரும் வாசலுக்குத்தான் வந்தாக வேண்டும், அதுவும் தீபாவளி வாரம், இரண்டு வீதியிலும் முறுக்கு மாவு அரைக்காத வீடு கிடையாது. பாதி வாசலில் மூட்டை நுழையவில்லை, டின் நுழைந்தால் ஆள் நுழையவில்லை, ஆள் நுழைந்தால் திரும்ப முடியவில்லை. அர்த்தனாரி மாமனின் மனைவி பாவாயி அத்தை சற்றே கனத்த உடம்பு, அவர் இடுப்பு வரை நுழைந்து நின்றுகொண்டு கத்தியதைக் கேட்டு, மதிலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ருக்குமணி, "அரிசியக் குடுங்க்கா, நான் உள்ள தாட்டி உடறேன்" என்று கையை நீட்டினாள். அத்தை ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு டின்னைக் கொடுத்தார்.

மேல்கோட்டைப் போட்டால் மதில் என்ன ஆகும் என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. கல்லூரி வேலியில் எட்டடியாகக் கிளம்பும், போகப் போக இறங்கும், பாதி தூரத்தில் நாலடி, மில்லுக்கு எண்பத்தைந்தடியில் உட்காருகிற உயரம், ஆணிக்குப் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. சின்னப் பிள்ளைகள் எந்த இடத்தில் தாண்டலாம் என்று இப்போதே சாக்பீஸால் குறி வைத்துக்கொண்டிருந்தார்கள். மாவு டின்னோடு காத்திருந்த பெண்கள் எப்போம்மா போடுவே எப்போம்மா போடுவே என்று கல்லூரி ஜன்னலில் வந்து கேட்டுவிட்டுப் போனார்கள், மேல வீதிப் பெண்களும்தான். வேலியில் இப்படி ஒரு கூட்டத்தை நான் தேர்தலுக்குக்கூடப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு ஷீட்டைச் சுவரில் ஒட்டிவிட வேண்டும். மூன்று மணிக்கு அந்த ஒரே ஒரு கோடுதான் பாக்கி. மோகனா பென்சிலைச் சீவி ஊதியபோது மாமன் உள்ளே வந்தார்.

"வீதி வளஞ்சா வளஞ்சுட்டுப் போவுது அம்மணி, நான் ஒண்ணுஞ் சொல்லுல. செவுரு எட்டடி. அது எட்டடியாவேதான் இருக்கோணும். அந்தக் கோட்ட மட்டும் போடாத. நாளைக்கு உன்னைய பாஸ் பண்ணச் சொல்றது என்ற பொறுப்பு."

"அது போடலீனா ஷீட் முடியாதுங்."

"நாஞ் சொன்னா முடிஞ்சதுதான்."

மோகனா பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ரெண்டு தடவ ஃபெயிலானது நானாத்தானுங் ஆனேன். பாஸும் நானாவே ஆயிக்கறனுங்."

மாமன் வெளியே போனார், வேலி வெட்டிக்கொண்டிருந்தவரிடம் அரிவாளை வாங்கினார், கொய்யா மரத்திலிருந்து மில் வரை நடந்து நூலை வெட்டிக்கொண்டே போனார், ஒவ்வொரு கவைக்குச்சியிலும் ஒரு வெட்டு.

மோகனா என் கடைக்கு ஓடி வந்தாள், செருப்புக்கூட இல்லை. "அண்ணா, நூல் மூணு உருண்டை, சீக்கிரம்."

என் தலைக்குப் பின்னால் ஆறு உருண்டைகள் தொங்கின. "ஸ்டாக் இல்லம்மா," என்றேன். அவள் உருண்டைகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "சரிங்ணா" என்று சொல்லிவிட்டு ஓடினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. இப்போது இதை எழுதும்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது.

ருக்குமணி வேலையைப் பாதியில் விட்டுச் சிமெண்ட் காலோடு வந்து வெட்டுப்பட்ட நூலைக் கையில் எடுத்துப் பார்த்தாள். "அழுகாத கண்ணு," என்றாள். "கயிறு பத்தாத எடத்துல நாங்க ஆள நிறுத்தித்தான் நேர் புடிப்போம். மில்லு வரைக்கும் எத்தன ஆளு வேணும்?"

மோகனா மூக்கைத் துடைத்துக்கொண்டு கணக்குப் போட்டாள். கைக்குக் கை ஐந்தடி என்றால் தொண்ணூறு பேர். மதிலுக்கு மேலே.

முதலில் காலனி வீதியிலிருந்து ஏணிகள் வந்தன. கிட்டுச்சாமி மில்லை நிறுத்திவிட்டு ஆணியில் ஒரு விரலை மாட்டிக்கொண்டு படியில் உட்கார்ந்தார், அவர் கையை ஒருவர் பிடித்தார், அவர் கையை அடுத்தவர், மதிலின் மேல் ஒரு கால் இந்த வீதியிலும் ஒரு கால் அந்த வீதியிலும் தொங்க, முன்னால் ஒரு கை பின்னால் ஒரு கை. ஐம்பத்திரண்டு பேரோடு காலனி தீர்ந்துவிட்டது, மற்றவர்கள் வேலைக்குப் போயிருந்தார்கள், மணி நாலேகால். மேல வீதி முழுக்கக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தது. அப்போது பாவாயி அத்தை கையிலிருந்த இன்னொரு அரிசி டின்னைக் கீழே வைத்தார்.

"ஏணியப் புடிங்கடா," என்றார்.

"எங்க போற?" என்றார் மாமன்.

"முறுக்கு வேணுமா வேண்டாமா உங்களுக்கு? முழு வாசல் இல்லாம நான் எப்புடி மாவு அரைக்கிறது? செவுரு எறங்கோணும்."

அத்தையை ஏற்ற நாலு பேர் வேண்டியிருந்தது. ஆனால் அத்தை ஏறியதும் மேல வீதிக்கு என்ன வந்ததோ தெரியவில்லை, டின்களை ஓரமாக வைத்துவிட்டுப் பெண்கள் ஏறினார்கள், பெண்கள் ஏறியதும் ஆண்கள் ஏறினார்கள், பஞ்சாயத்து கிளார்க் ஏறினார், பால்காரர் ஏறினார், எண்பத்தொன்பதாவதாக ஏறியவன் நான், கடை ஷட்டரைக்கூட இழுக்கவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர் காலனி வீதியில் சைக்கிள் கடை வைத்திருப்பவர், வெளியே போயிருந்து அப்போதுதான் வந்து ஏறியவர், இருபது வருஷமாக என் கடையில் பால்ரஸ் குண்டு வாங்குகிறவர், அவர் கையை அன்றைக்குத்தான் பிடித்தேன். எனக்குப் பின்னால் ருக்குமணி, தொண்ணூறாவது ஆள், அவள் மறு கை ஜன்னலுக்குள் நீண்டு பலகையின் மேல் மகள் வைத்த குறியில் விரலை ஊன்றியிருந்தது.

"இழுங்!" என்று உள்ளேயிருந்து மோகனா கத்தினாள். "தொங்குதுங்! இன்னும் இழுங்!"

இழுத்தோம். தோள் கழன்றுவிடும் போல இருந்தது, எல்லாரும் சிரித்தோம், எல்லாரும் ஒருவரையொருவர் திட்டினோம், யார் யாரை டா போட்டார்கள் என்ற கணக்கெல்லாம் அந்த நேரத்தில் இல்லை, நடுவில் யாரோ தும்மித் தொண்ணூறு பேரும் ஆடினோம். பிறகு ஒரு நொடி ஒருவரும் மூச்சு விடவில்லை. பென்சில் தாளில் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது, எட்டடி உயரத்தில், ஜன்னலுக்கு வெளியே, சத்தியமாகக் கேட்டது.

மதில் இறங்கியது. லிஃப்ட் இறங்குவது மாதிரி, யாரையும் தள்ளாமல், மெதுவாக இறங்கியது. மில் கோடியில் இருந்தவர்கள் கால் தரையில் பட்டு அப்படியே எழுந்து நின்றார்கள், நடுவில் இருந்தவர்கள் குதித்தார்கள், பாவாயி அத்தை மட்டும் குதிக்காமல் சோபாவில் உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தார், பிள்ளைகள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டித் தாண்டித் தொண்டை கிழியக் கத்தினார்கள். எங்கள் கோடியில் மட்டும் மதில் அப்படியேதான் இருந்தது, ஏணியை அதற்குள் யாரோ எடுத்துக்கொண்டு போய்விட்டதால் நானும் ருக்குமணியும் சைக்கிள் கடைக்காரரும் இறங்க வழியில்லாமல் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். "கடையில நூல் இருந்துச்சு," என்றேன் நான். "தெரியுமுங்," என்றாள் ருக்குமணி. ஐந்து மணிக்கு ஷீட் சுவரில் இருந்தது.

வெள்ளிக்கிழமை கோயம்புத்தூரிலிருந்து தேர்வாளர் வந்தார். ஐந்தடி ஸ்கேலை ஒவ்வொரு கோட்டிலும் வைத்து ஒற்றைக் கண்ணால் ஜன்னல் வழியே பார்த்தார், ஹெப்சிபா மேடமும் பார்த்தார், இருபத்தாறு கோடு, இருபத்தாறும் மில் வாசற்படிக்குப் போயின. கமிட்டி நாற்காலியிலிருந்து அர்த்தனாரி மாமன் எழுந்தார்.

"ஆணியும் நூலும் எடுத்துக் குடுத்தாத்தான மேடம் மார்க்கு எழுதோணும்? காலேஜ் ரூல்ஸ் அதுதானுங்களே?"

அது சட்டம்தான். மேடம் பேனாவை மூடி வைத்தார். "எடுத்துட்டு வா மோகனா," என்றார், குரல் கொஞ்சம் இறங்கித்தான் இருந்தது.

ஆணி பிடுங்கும் குறட்டை மாமனே தன் வீட்டிலிருந்து எடுத்து வந்திருந்தார். மில் வாசலில் ஊரே நின்றது. மதிலின் உட்காருகிற இடத்தில் முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து எழுந்திருக்காத கிழவர்கள் எழுந்து நின்றார்கள், பெண்கள் டின்களை இறுக்கிக்கொண்டார்கள், சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று அவசர அவசரமாகத் தங்கள் வீதிப் பக்கம் தாண்டிக்கொண்டார்கள், நானும் தாண்டிக்கொண்டேன். ஆணியைப் பிடுங்கினால் எல்லாம் பழையபடி விலகிவிடும் என்று நாங்கள் எல்லாருமே நம்பினோம். அதற்குள் போய்விடுமா என்று எனக்கு இருந்தது.

மோகனா குத்தவைத்து உட்கார்ந்தாள். இரண்டு ஆட்டு, ஒரு திருகு, ஆணி கையோடு வந்துவிட்டது.

படியில் ஓர் ஓட்டை இருந்தது, அவ்வளவுதான். வீதிகள் அசையவில்லை, மதில் எழவில்லை, காக்கைகள் சண்டையை நிறுத்தவில்லை. மாமன் காத்திருந்தார். ஓட்டையைப் பார்த்தார், மதிலைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் காத்திருந்தார்.

"ஆணி எடுத்தாச்சே, ஏன் பழையபடி போகல?" என்றார் கடைசியில், அவளிடமே.

"ஆணி கோடு போடறதுக்குத்தானுங்," என்றாள் மோகனா. "கோடு போட்டாச்சுங்களே."

குறட்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு ஆணியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கல்லூரியைப் பார்த்து ஓடினாள், நாங்கள் கத்தினோம், மில்லுக்குள் மிஷின் ஓட ஆரம்பித்தது, டின்கள் உருண்டன, பத்தாவது நிமிஷம் தூரத்து ஜன்னலில் ஹெப்சிபா மேடம் பேனாவை ஆட்டிக் காட்டினார், பாஸ், பாஸ் என்று யாரோ ஆரம்பிக்க, என்னவென்று தெரியாதவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அவள் எந்த வீதி வழியாக ஓடினாள் என்று நான் பிற்பாடு ஒவ்வொருவரிடமும் கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் கவனித்திருக்கவில்லை.